ஜமீனுக்கு வம்சாவளி, ஜனங்களுக்குப் பதிவேடு

எங்கள் எட்டயபுரத்து அரசர்களுக்கு ஒரு வம்ச சரித்திரம் உண்டு. கவிகேசரி சாமி தீட்சிதர் இயற்றி 1879-ஆம் ஆண்டில் அச்சேறிய ‘வம்சமணி தீபிகை’ என்னும் அந்நூல், சந்திரகிரிச் சீமையிலிருந்து தெற்கே வந்ததாகச் சொல்லப்படும் ஆதி புருஷர் முதலாக ஆசிரியர் காலத்து ஜமீன்தார் ஈறாக, இன்னாருக்குப் பின் இன்னார் பட்டமேறினார் என்று தலைமுறை வழுவாமல் வரிசைப்படுத்திக் கூறுகிறது. அந்த நூலின் தமிழும் செய்தியும் திருத்தம் வேண்டுவன என்று கருதிய பாரதி, அதைத் தாமே புதிதாக எழுதித் தர விரும்புவதாக 1919-ஆம் ஆண்டில் மகாராஜாவுக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். அரண்மனை அதற்குச் செவிசாய்க்கவில்லை. நெடுங்காலம் கழித்து, ஊர்ச் சரித்திரத்திலும் பாரதி ஆராய்ச்சியிலும் ஆயுளைச் செலவிட்ட இளசை மணியன் அவர்கள் அந்தப் பழைய நூலையே மறுபதிப்பாகக் கொண்டுவந்தார்கள்.

அரசர்களுக்கு இப்படியொரு நூல் இருக்க, அவர்களுக்குத் தீர்வை கட்டி, மழையை நம்பிக் கரிசலை உழுது, பருத்தியும் கம்பும் சோளமும் விளைத்து வாழ்ந்து போன எங்களைப் போன்ற குடியானவர்களுக்கு முன்னோர் வரலாறு என்று சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது? சில வருஷங்களாக இந்தக் கேள்வியோடு நான் அலுவலகங்களின் பதிவறைகளிலும் உறவினர் வீட்டுத் திண்ணைகளிலும் அலைந்து வருகிறேன். கிடைத்த விடை மிகவும் சாதாரணமானது: கிராம முன்சீப் எழுதி வைத்த ஜனன மரணப் பதிவேடுதான் எங்கள் வம்சாவளி. அதில் பட்டமும் இல்லை, பராக்கிரமமும் இல்லை. ஆனால் அரண்மனை வம்சாவளிகள் பொதுவாகச் சொல்லாமல் விடுகிற ஒன்று அதில் இருக்கிறது. பெற்றவளின் பெயர் இருக்கிறது. இந்தப் பதிவில் நான் சொல்ல வந்த விஷயம் அதுவே. அதற்கு வந்து சேருமுன் கொஞ்சம் சுற்றிக்கொண்டு போகவேண்டியிருக்கிறது.

மனித ஞாபகம் எத்தனை தலைமுறை செல்லும் என்பதை நம்முடைய சடங்குகளே அளந்து வைத்திருக்கின்றன. அமாவாசையில் தர்ப்பணம் செய்பவர் தந்தை, பாட்டனார், முப்பாட்டனார் என்று மூன்று தலைமுறையின் பெயரைச் சொல்லித்தான் எள்ளும் நீரும் இறைக்கிறார்; அதற்கு மேற்பட்டவர்கள் பெயரற்ற பிதிர்களாகிவிடுகிறார்கள். தர்ப்பணம் செய்யும் வழக்கமில்லாத குடும்பங்களுக்கு மாசிச் சிவராத்திரியிலோ பங்குனி உத்திரத்திலோ பங்காளிகள் கூடும் குலதெய்வக் கோயில் இருக்கிறது. அங்கே இன்னின்ன வீட்டார் நமக்குப் பங்காளிகள், அவர்களோடு கொள்வினை கொடுப்பினை கூடாது என்பது தெளிவாகத் தெரியும். எந்தப் பாட்டனில் கிளை பிரிந்தது என்று கேட்டால் பூசாரி முதல் பெரியவர்கள் வரையில் ஒருவருக்கும் தெரியாது. கி. ராஜநாராயணன் ‘கோபல்ல கிராம’த்தில் எழுதியது போல, தெலுங்குச் சீமையிலிருந்து தெற்கே வந்து கரிசலைத் திருத்திய கதை இந்த வட்டாரத்தில் பல குடும்பங்களின் வாயில் இருக்கிறது. வந்த கதை ஞாபகமிருக்கிறதே தவிர, வந்தவருக்கும் நமக்கும் இடையில் வாழ்ந்தவர்களின் பெயர் ஞாபகமில்லை. அந்த இடைவெளியை நிரப்பத்தான் காகிதத்தை நாட வேண்டியிருக்கிறது.

காகிதம் நம் நாட்டில் எப்போது தொடங்கியது? இங்கிலாந்தில் 1538-ஆம் ஆண்டிலேயே ஒவ்வொரு திருச்சபை வட்டத்திலும் ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் ஆகிய மூன்றையும் எழுதி வைக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. 1837-இல் சர்க்கார் பதிவும் ஏற்பட்டது. கத்தோலிக்க உலகம் முழுவதற்கும் ஞானஸ்நானப் பதிவும் விவாகப் பதிவும் 1563-ஆம் ஆண்டின் திரெந்து சங்கத் தீர்மானத்தால் கட்டாயமாயின. அந்த வழக்கம் கப்பலேறி நம் பக்கமும் வந்தது. எட்டயபுரத்துக்குச் சமீபத்திலுள்ள காமநாயக்கன்பட்டி, வீரமாமுனிவர் வந்து தொண்டாற்றிய பழைய சேசு சபைத் தலம். பாளையங்கோட்டையில் 1780-ஆம் ஆண்டில் எழுதப்பட்ட புராட்டஸ்டண்டு சபையின் பட்டியலில் 40 பேர் இருந்தனர் என்று கால்டுவெல் திருநெல்வேலி மிஷன் சரித்திரத்தில் தெரிவிக்கிறார். ஆகவே, கிறிஸ்தவக் குடும்பத்தார் தம் முன்னோரைத் தேடுவதானால், கோயில் பதிவேட்டில் குழந்தையின் பெயர், பெற்றோரின் பெயர், ஞானப் பெற்றோரின் பெயர் என்று ஒரே வரியில் ஒரு சிறு உறவுக் கூட்டத்தையே காணலாம்.

மற்றவர்களுக்குச் சர்க்கார்தான் கதி. 1886-ஆம் ஆண்டில் இந்தியா முழுவதற்குமாக ஜனன, மரண, விவாகப் பதிவுச் சட்டம் ஒன்று வந்தது. அது விரும்பினவர்கள் பதிந்துகொள்ளலாம் என்ற அளவில் நின்றது. 1899-ஆம் ஆண்டில் சென்னை மாகாணம் தனியே ஜனன மரணப் பதிவுச் சட்டம் இயற்றியது. கிராமங்களில் அந்த வேலை முன்சீப்பின் தலையில் விழுந்தது. நிலவரி வசூல் செய்து, சின்ன வழக்குகளைத் தீர்த்து, ஊர்க்காவலுக்கும் பொறுப்பாயிருந்த அதே மனிதர், தலையாரியோ வெட்டியானோ வந்து சொல்லும் சேதியைக் கேட்டு, யார் வீட்டில் பிறந்தது, யார் வீட்டில் இறந்தது என்பதையும் எழுதி, மாதந்தோறும் தாலுகா கச்சேரிக்கு அனுப்பி வந்தார்.

எதற்காக எழுதினார் என்பதை நாம் மறக்கலாகாது. தாது வருஷப் பஞ்சம் என்று எங்கள் பாட்டிமார் பெருமூச்சோடு குறிப்பிடும் 1876-78 பஞ்சத்துக்குப் பின்னும், வாந்திபேதியும் வைசூரியும் வருஷந்தோறும் ஊர் ஊராகப் புகுந்து வந்த காலத்தில், எங்கே எத்தனை பேர் எந்த நோயால் மாண்டார்கள் என்ற கணக்கு சுகாதார இலாகாவுக்குத் தேவையாயிருந்தது. மரணப் பதிவேட்டில் காலரா, வைசூரி, பேதி, காய்ச்சல் என்ற சில தலைப்புகளுக்குள் எல்லாச் சாவையும் அடக்க வேண்டியிருந்தபடியால், வைத்தியர் முகத்தையே காணாமல் இறந்தவர்கள் பெரும்பாலும் காய்ச்சல் என்ற தலைப்பில் போய்ச் சேர்ந்தார்கள். முன்னோர் எதனால் இறந்தார் என்று ஆவலோடு தேடுகிறவருக்கு அந்த ஒரு சொல்லே மிஞ்சும். அதை வைத்து எந்த நோயென்று நிர்ணயம் செய்ய முயலுவது வீண்.

ஜனனப் பதிவேட்டில் வேறொரு விசித்திரம். குழந்தையின் பெயருக்குரிய கட்டம் பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். பிறந்த சில நாளிலேயே சேதி எழுதப்பட்டுவிடுகிறது. பெயர் வைப்பதோ பின்னால். ஆகவே உங்கள் பாட்டனாரின் பெயரைக் கொண்டு ஜனனப் பதிவில் தேடினால் அவர் அகப்படமாட்டார். “ஆண் குழந்தை” என்ற ஒரு குறிப்பும், தகப்பனார் பெயரும், தாயார் பெயரும், ஜாதியும், வீடும், சேதி சொன்னவர் பெயரும்தான் இருக்கும். எனவே தேட வேண்டியது பிறந்தவரை அன்று, பெற்றவர்களை. பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கும் நம் வழக்கத்தால், ஒரே ஊரில் ஒரே காலத்தில் ஒரே பெயருடைய பங்காளிகள் நாலைந்து பேர் இருப்பார்கள். தகப்பனார் பெயரை மட்டும் நம்பினால் வேறொரு வீட்டுப் பிள்ளையை நம் பாட்டனாராக வரித்துக்கொள்ள நேரும். அங்கேதான் தாயாரின் பெயர் சாட்சியாக வந்து நிற்கிறது.

இன்னொரு நுட்பமும் இருக்கிறது; இதை எந்தக் கையேடும் சொல்லாது. நம் பக்கத்தில் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். மூத்த பிள்ளை பிறந்த சேதி தகப்பனாருடைய ஊர்ப் பதிவில் இராது. தாயாருடைய பிறந்தகத்துப் பதிவிலேயே இருக்கும். அடுத்த பிள்ளைகள் புகுந்த வீட்டில் பிறந்திருக்கலாம். மரணமோ பெரும்பாலும் புகுந்த ஊரில் பதியப்பட்டிருக்கும். ஆக ஒரு பெண்ணின் ஆயுள் இரண்டு ஊர்ப் பதிவேடுகளில் பிரிந்து கிடக்கிறது. தலைப்பிள்ளை பிறந்த வரி ஒன்றுதான் அவ்விரண்டையும் சேர்க்கும் முடிச்சு.

என் சொந்த அநுபவத்தை இங்கே சொன்னால் விஷயம் விளங்கும். என் பாட்டனாரின் தாயார், அதாவது எங்கள் பூட்டி, நாகலாபுரத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். இந்தப் பிரதேசத்தில் மருமகளைப் பிறந்த ஊரைக் கொண்டு அழைப்பது வழக்கமாதலால், அவள் வீட்டாருக்கும் ஊராருக்கும் நாகலாபுரத்தாளாகவே இருந்து மறைந்தாள். பெயர் என்னவென்று, குடும்பத்தில் மூத்தவரான என் பெரியத்தையிடம் கேட்டேன்.

“எய்யா, அவ நாகலாபுரத்தா. ஊருக்கே அப்படித்தான். பேரு எவனுக்குத் தெரியும்?” என்றாள்.

அந்த விடையிலேயே வழியும் இருந்தது. மரணப் பதிவில் பூட்டி ‘இன்னார் பாரியாள்’ என்ற அளவில் மட்டுமே காணப்பட்டாள். ஆனால் அவள் நாகலாபுரத்தாள் என்றால், மூத்த பிள்ளையான என் பாட்டனார் பிறந்ததும் நாகலாபுரத்தில்தானே இருக்க வேண்டும்? அந்த ஊருக்குரிய பழைய பதிவேட்டைத் தேடித் தரும்படி மனுச் செய்தேன். “வருஷம் தெரியுமா சார்? வருஷம் இல்லாம தேட முடியாது” என்று பதிவறை ஊழியர் நியாயமாகவே கேட்டார். பாட்டனார் பள்ளிக்கூடத்தில் கொடுத்த வயதுக்கு இரண்டு வருஷம் முன்னும் இரண்டு வருஷம் பின்னும் தேடச் சொன்னேன். வலக்கையைத் தலைக்கு மேல் வளைத்து இடக்காதைத் தொட்டால் ஐந்து வயது என்று வாத்தியார் முடிவு கட்டிய காலம் அது. பள்ளிக்கூடத்து ஜனன தேதியில் அவ்வளவு இடம் கொடுத்தே ஆக வேண்டும். பழுப்பேறிய ஒரு பக்கத்தில், பெயரிடாத ஓர் ஆண் குழந்தைக்கு எதிரே, என் கொள்ளுப்பாட்டனாரின் பெயரும் ஊரும் இருந்தன. பக்கத்துக் கட்டத்தில் பூட்டியின் பெயர் இருந்தது.

அந்தப் பெயரை நான் அதற்கு முன்பே ஓரிடத்தில் பார்த்திருந்தேன். பூட்டியின் மாமியார் இளம் வயதில் விதவையாகி, மைனரான மகனுக்குக் கார்டியனாக நின்று வீட்டை ஒத்திக்கு எழுதிக் கொடுத்த பத்திரத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. மாமியாரின் பெயரும் மருமகளின் பெயரும் ஒன்றே! பெரியத்தையிடம் போய்ச் சொன்னேன். அவள் சிறிதும் வியப்படையவில்லை. “அதானய்யா! மாமியா பேரச் சொல்லி மருமகள எந்த வீட்டுல கூப்புடுவாக?” என்றாள். மரியாதையின் பொருட்டு வீட்டில் வழங்காமல் நிறுத்தப்பட்ட ஒரு பெயர், அந்த மரியாதையோடு யாதொரு சம்பந்தமும் இல்லாத முன்சீப்பின் பேனாவினால் பிழைத்துக் கிடந்திருக்கிறது.

பத்திரம் என்றேன் அல்லவா? 1864-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்துக்குப் பின் ஏற்பட்ட சார்பதிவாளர் அலுவலகங்கள், முன்னோரைத் தேடுவாருக்கு ஜனன மரணப் பதிவுக்கு அடுத்தபடியான பொக்கிஷம். பழைய கிரயப் பத்திரத்திலும் பாகப் பிரிவினைப் பத்திரத்திலும் எழுதிக் கொடுப்பவர் இன்னார் குமாரர், இன்ன ஊர், இன்ன ஜாதி, இன்ன மதம், இன்ன தொழில் என்று விஸ்தாரமாக எழுதியிருப்பார்கள். பாகப் பிரிவினையில் சகோதரர் அனைவரும் வரிசையாக வருவார்கள். மைனர் பங்கு இருந்தால் தாயார் வருவாள். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள் பெரும்பாலும் மாமன் மைத்துனர்களே என்பதையும் கவனிக்க வேண்டும். சொத்தே இல்லாதவருக்குப் பத்திரம் ஏது என்று கேட்பீர்கள். உண்மைதான். நிலமற்ற கூலிக்காரரைப் பற்றிப் பத்திரங்கள் ஒன்றும் சொல்லா. ஜனன மரணப் பதிவேடு மட்டும் அவரையும் ஜமீன் பண்ணையாரையும் ஒரே அகலமுள்ள கட்டங்களில் எழுதிற்று.

இனிக் காலக் கணக்கு. இதில் சறுக்குவோர் அநேகர். எங்கள் திருநெல்வேலிச் சீமையின் பழைய ஓலைகளிலும் பத்திரங்களிலும் கொல்லம் ஆண்டு காணப்படும். அது ஆவணியில் பிறந்து ஆடியில் முடிவது. ஆவணி முதல் மார்கழிப் பாதி வரையில் 824-ஐயும், அதன் பிறகு ஆடி முடியும் வரையில் 825-ஐயும் கூட்டினால் ஆங்கில வருஷம் கிடைக்கும். கொல்லம் 1058 கார்த்திகை என்றால் 1882. பாரதி பிறந்ததாக அறியப்படும் சித்திரபானு வருஷம் கார்த்திகை 27, அதாவது 1882 டிசம்பர் 11, அந்தக் கொல்லம் ஆண்டிலேதான் வருகிறது.

கொல்லம் ஆண்டாவது ஓயாமல் ஏறிக்கொண்டு போகிறது. பிரபவ முதல் அட்சய வரையிலான அறுபது வருஷப் பெயர்களோ சுற்றிச் சுற்றி வருகின்றன. முத்துசுவாமி தீட்சிதர் எட்டயபுரத்தில் சமாதியடைந்தது 1835-ஆம் ஆண்டு தீபாவளி நாளில். அது மன்மத வருஷம். அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதரின் பெண் வயிற்றுப் பேரரும், பிற்பாடு அவருக்கே சுவீகார புத்திரருமான சுப்பராம தீட்சிதர், 1904-இல் எட்டயபுரத்தில் அச்சிட்டு வெளியிட்ட ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யில், முத்துசுவாமி தீட்சிதர் பிறந்ததும் மன்மத வருஷம், பங்குனி மாதம், கிருத்திகை நட்சத்திரம் என்று எழுதுகிறார். விவரம் அறியாதவர் பார்த்தால் பிறந்த வருஷத்திலேயே இறந்துவிட்டதாகத் தோன்றும். இடையில் அறுபது வருஷ வட்டம் ஒன்று முழுதாகச் சுழன்றிருக்கிறது. சிக்கல் இதோடு தீரவில்லை. முந்திய மன்மத வருஷம் 1775 சித்திரையில் பிறந்தது. அதன் பங்குனி 1776 மார்ச்சில்தான் வரும். ஆயினும் 1775 மார்ச் என்றே பல நூல்களில் அச்சாகி வருகிறது. மகா வித்வானுடைய ஜனனத்திலேயே ஒரு வருஷம் பிசகுமானால், நம் வீட்டு ஜாதகக் கட்டுகளில் எத்தனை பிசகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தை, மாசி, பங்குனியில் பிறந்தவர்களுக்கு ஆங்கில வருஷத்தை ஒன்று கூட்டிப் பாருங்கள். காணாமற்போன பதிவு பல சமயம் அங்கே இருக்கும்.

சர்க்கார் பதிவும் ஊர் வழக்கும் முரண்படுவதற்குப் பாரதியின் மரணமே பிரசித்தமான உதாரணம். அவர் திருவல்லிக்கேணி வீட்டில் உயிர் நீத்தது நள்ளிரவு கடந்து ஏறக்குறைய ஒன்றரை மணிக்கு. ஆங்கிலக் கணக்கில் அது 1921 செப்டம்பர் 12. சென்னை மாநகராட்சியின் மரணப் பதிவிலும் அந்தத் தேதியே. சூரியோதயம் முதல் மறு சூரியோதயம் வரையில் ஒரு நாள் என்று கொள்ளும் நம் வழக்கப்படி அது முந்திய நாளின் இரவு. செப்டம்பர் 11 என்றே நெடுங்காலமாக நாடு நினைவு கொண்டாடி வருகிறது. 2021-இல் தமிழக அரசும் அந்த நாளையே ‘மகாகவி நாள்’ என்று அறிவித்தது. இரண்டில் எது பொய்? இரண்டும் பொய்யில்லை. நாள் எங்கே தொடங்குகிறது என்பதில்தான் பேதம். திதி பார்த்துச் சிராத்தம் செய்யும் குடும்பத்தில் ஒரு தேதியும் மரணச் சான்றிதழில் மறு தேதியும் இருந்தால், உடனே ஒன்றைத் தவறென்று தள்ளிவிடாமல், இறந்த வேளை எதுவென்று விசாரிப்பது நலம்.

விவாகம் என்று வந்தால் தேடுபவர் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். 1897-இல் நடந்த பாரதி செல்லம்மாள் விவாகத்தையும் சர்க்கார் ஏடு எதிலும் தேட வழியில்லை. அக்கினியும் பந்துக்களுமே சாட்சி. இந்துக்களின் விவாகத்தைப் பதிவு செய்வதற்கு 1955-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுத்தது. எல்லா மதத்தாருக்கும் கட்டாயமானது 2009-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டத்துக்குப் பின்னரே. முகம்மதியக் குடும்பங்களுக்கு ஜமாஅத்தின் நிக்காஹ் தப்தர் துணை. அதில் மஹர், வக்கீல், சாட்சிகள் எல்லாம் குறிக்கப்பட்டிருக்கும். மற்றவர்கள் பரணில் கிடக்கும் முகூர்த்தப் பத்திரிகைகளையும் மொய் நோட்டுகளையும் தேடட்டும். மொய் நோட்டை அற்பமாக எண்ணிவிடாதீர்கள். ஊர், பெயர், தொகை என்று எழுதிய அந்த வரிகளில், இன்று போக்குவரவு அற்றுப்போன உறவு வீடுகளெல்லாம் இருக்கின்றன. தாய்மாமன் எந்த ஊரிலிருந்து வந்து எவ்வளவு செய்தார் என்பது தெரிந்தால், பாட்டியின் பிறந்தகம் தெரிந்துவிடும்.

எழுத்தில் இல்லாத விவாகம் எவ்வளவு துன்பம் தரும் என்பதற்கும் எங்கள் வட்டாரத்தையொட்டியே ஒரு சரித்திரம் இருக்கிறது. அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் 1928 மே 28 அன்று பெரியார் தலைமையில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. அவ்வழியில் நடந்த திருமணங்கள் செல்லா என்று சென்னை உயர்நீதிமன்றம் 1953-இல் தீர்ப்பளித்தது. 1967-இல் அண்ணா அரசு கொண்டுவந்த சட்டத் திருத்தத்தினால்தான் அத்தம்பதிகள் சட்டத்தின் முன் கணவன் மனைவியராகவும், பிள்ளைகள் வாரிசுகளாகவும் ஆயினர்.

கடல் கடந்து போனவர்களுக்கோ காகிதம் இன்னும் பெரிய விஷயம். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் போய்ச் சேர்ந்தது முதல் 1911 வரையில் 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தகப்பனார் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பிலுள்ள அடையாளம் என்று கப்பல் பட்டியல் விவரிக்கிறது. இங்கே தங்கிவிட்ட அண்ணனுடைய சந்ததிக்குக் கிடைக்காத விவரம், கூலியாகப் போன தம்பியின் சந்ததிக்கு டர்பனில் கிடைக்கிறது. அடிமைத்தனத்துக்கு அடுத்தபடியான ஓர் ஏற்பாடு ஆட்களைச் சரக்காக எண்ணியதன் விளைவு அது.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குத் தூத்துக்குடி வழியாகவும் மண்டபம் வழியாகவும் போனவர்களின் கதை இதற்கு மாறானது. 1948-ஆம் ஆண்டில் இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டம், தந்தை இலங்கையில் பிறந்தவர் என்றோ, பாட்டனாரும் முப்பாட்டனாரும் அங்கே பிறந்தவர் என்றோ நிரூபிக்கச் சொல்லிற்று. தோட்டத்து லயன்களில் பிறந்து இறந்தவர்களிடம் அத்தகைய சான்றிதழ் ஏது? ஏறக்குறைய பத்து லட்சம் பேர் நாடற்றவர்களானார்கள். 1964-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டு, 1,50,000 பேரைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தது. பாட்டன் பிறந்த காகிதம் இருந்தவன் குடிமகன், இல்லாதவன் அந்நியன் என்ற நிலையைப் பார்த்தவர்கள், முன்னோர் பதிவைத் தேடுவதைப் பென்ஷன்காரரின் பொழுதுபோக்கு என்று பரிகசிக்கமாட்டார்கள்.

தேடப் புறப்படுகிறவர்களுக்கு நடைமுறையாகச் சில வார்த்தைகள். எட்டயபுரம் பழைய காலத்தில் ஒட்டப்பிடாரம் தாலுகாவில் இருந்தது, பிறகு கோவில்பட்டி, இப்போது தனித் தாலுகா. ஜில்லாவும் 1986 அக்டோபர் வரையில் திருநெல்வேலி. எனவே பழைய ஏட்டை எந்தப் பெயரின் கீழ்த் தேடுவது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 1980 நவம்பரில் பரம்பரைக் கிராம அதிகாரிகளின் பதவிகள் ஒழிக்கப்பட்டு, பின்னர் அந்த வேலை கிராம நிர்வாக அலுவலரிடம் வந்தது. அதற்கு முந்திய ஏடுகளை வட்டாட்சியர் அலுவலகத்திலும் சார்பதிவாளர் அலுவலகத்திலும் விசாரிக்க வேண்டும். ஜனத்தொகைக் கணக்கெடுப்பை நம்ப வேண்டாம். இங்கிலாந்தில் நூறு வருஷம் கழித்து வீட்டு வாரியாகத் திறந்து காட்டுவது போல நம் நாட்டில் காட்டுவதில்லை. பதிவு கிடைக்காவிட்டால், ‘பதிவில் இல்லை’ என்று எழுத்துமூலம் ஒரு சான்று வாங்கிக்கொள்ளுங்கள். வாரிசு விவகாரங்களில் அதுவும் ஓர் ஆதாரம்.

எல்லாவற்றுக்கும் முன்னதாக, குடும்பத்திலுள்ள வயதான ஸ்திரீகளிடம் போய் உட்காருங்கள். ஆண்கள் நிலத்தையும் வழக்கையும் சொல்வார்கள். பெண்கள்தான் யார் எந்த ஊரிலிருந்து வந்தாள், யாருக்கு எந்தப் பிரசவத்தில் எந்தக் குழந்தை தவறிற்று என்பதைச் சொல்வார்கள். பதிவேட்டில் தேடுவதற்கு அவர்கள் சொல்லும் ஊர்ப்பெயர்களே திறவுகோல்.

முன்னோரைத் தேடிப் புறப்படுகிறவர்களில் சிலர் எங்கேயாவது ஒரு சேனாபதியையோ சிற்றரசனையோ கண்டெடுத்து, ஜாதிப் பெருமையோடு திரும்பி வரவேண்டும் என்ற ஆசையை மனத்தில் வைத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். அவர்களுக்குப் பதிவேடு ஏமாற்றம் தரும், தருவது நல்லதே. தொழில் விவசாயம், நோய் காய்ச்சல், கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு என்று பக்கம் பக்கமாகப் புரட்டிய பிறகு, நாம் சாமானியர்களின் சந்ததி என்பது தெளிவாகிவிடுகிறது. அந்தச் சாமானியர்களில் பாதிப் பேர் பெண்கள். அவர்கள் பெயரை விட்டுவிட்டு எழுதுகிற எந்த வம்சாவளியும் பாதி வம்சாவளிதான். ஆகையால் குடும்பக் கொடிவழி எழுதுகிறவர்கள் ஒவ்வொரு தலைமுறைக்கும் தகப்பனார் பெயரையும் தாயார் பெயரையும் தாயார் பிறந்த ஊரையும் சேர்த்தே எழுத வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

இன்னும் ஒன்று, இது இப்போதே செய்யக்கூடியது. பெயர் எழுதாமல் பதிந்துவிட்ட பிறப்புக்கு, 15 ஆண்டுக்குள் பெயரைச் சேர்த்துக்கொள்ள இன்றைய விதிகள் இடம் தருகின்றன. உங்கள் வீட்டுக் குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழை இன்றைக்கு எடுத்துப் பாருங்கள். பெயர்க் கட்டம் காலியாக இருந்தாலும், தாயார் பெயரில் எழுத்துப் பிழை இருந்தாலும், பதிவாளரிடம் போய்த் திருத்திக்கொண்டு வாருங்கள்.